வைத்தியர் பதில்: முழங்கால் மாற்றிய அம்மாவை நடக்க விடலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: 'அம்மாவுக்கு 67 வயது. முழங்கால் மாற்று சத்திரசிகிச்சை செய்து ஆறு நாள். நடந்தால் நோகுது என்று அழுகிறா. ஒரு மாதம் அசையாமல் படுக்கட்டும், பொருத்தியது கழன்றுவிடும் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். என்ன செய்வது?'

அம்மா நடக்கட்டும், மகள். பொருத்தியது கழன்றுவிடும் என்ற பயம் வேண்டாம். பெரும்பாலும் உலோகத்தை எலும்போடு ஒட்டும் சீமெந்து, சத்திரசிகிச்சை மேசையிலேயே கால் மணித்தியாலத்துக்குள் இறுகிவிடும். அதனால்தான் அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நடத்துகிறோம். உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் காலை ஊன்ற வேண்டாம் என்று தனியாகச் சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி செய்யுங்கள்.

நடந்தால் நோவு உடனே குறைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். முதல் இரண்டு வாரம் நோகத்தான் செய்யும். ஆனால் படுத்தே கிடந்தால் மூட்டு விறைக்கும், தொடைத் தசை சோரும், பிறகு மடக்கும்போது வரும் நோவு இதைவிடப் பெரிது. கெண்டைக்கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடும்.

நோவு மருந்தை நோவு வந்த பிறகு கொடுக்காதீர்கள். பனடோல் என்றால் நடப்பதற்கு முக்கால் மணித்தியாலம் முன்னே இரண்டு குளிசை. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் இருந்தாலோ, ஆள் மெலிந்தவர் என்றாலோ அதற்கும் குறைவு, கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

வோக்கரோடு வீட்டுக்குள்ளே, சீமெந்துத் தரையில், கட்டிலிலிருந்து குசினி வரை. ஒரேயடியாக நீள நடக்காமல், நாளில் ஐந்தாறு தடவை. நம் முற்றத்து மணலில் வோக்கரின் கால் புதையும், அங்கே இப்போது வேண்டாம். நடந்து முடிந்ததும் காலை உயர்த்தி, துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம்.

இன்னொன்று. சுகமாக இருக்கிறதென்று முழங்காலுக்குக் கீழே தலையணையைச் செருகியிருப்பீர்கள். பார்க்கப் போனால் அநேக வீட்டில் இதைத்தான் காண்கிறேன். எடுத்துவிடுங்கள். முழங்கால் மடங்கினபடியே இறுகிப்போகும். தலையணை குதிக்காலுக்குக் கீழே இருக்கட்டும்.

நடந்த நோவு அரைமணி ஓய்வில் தணிந்தால் சரி. இரவு முழுக்க நீடித்தாலோ, வீக்கம் ஏறினாலோ மறுநாள் நடையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். கெண்டைக்கால் இறுகி நொந்தாலோ, காய்ச்சலோ, காயத்தில் நீர் வடிந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், விடியும்வரை காத்திருக்காதீர்கள்.