அப்பா மனையின் பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) இரண்டாவது வீடு: முதலில் பத்திரம், பிறகு செங்கல்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): அவிநாசி பக்கம் ஒரு கிராம ஊராட்சியில் அப்பாவுக்கு 12 சென்ட் மனை இருக்கிறது. அப்பாரு (அப்பாவின் அப்பா) பூமியை விற்ற பணத்தில் 1996-ல் கிரயம் வாங்கியது. முன்பக்க ஓட்டு வீட்டில் அப்பா, அம்மா, தம்பி குடும்பம். தங்கையைக் கோபியில் கட்டிக் கொடுத்தாயிற்று. போன மாரியம்மன் நோம்பிக்குப் பங்காளிகள் எல்லாம் வந்திருந்தபோது, "பொடக்காலியில 5 சென்ட் பெரியவனுக்கு, அங்கயே வீடு கட்டிக்கட்டும்" என்று அப்பா சொன்னார். தம்பியும் தலையாட்டினான். கடக்கால் தோண்டி, பேஸ்மட்டம் வரை கட்டிவிட்டேன். ஆறு லட்சம் போயிற்று. மீதிக்கு வீட்டுக் கடன் கேட்டேன். வங்கியில் அப்பாவின் மூலப்பத்திரம் கேட்டார்கள். அந்த வாரமே தம்பி ஊராட்சியில் மனு கொடுத்தான், வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. அப்பா ஆபரேஷனுக்கும் தங்கை கல்யாணத்துக்கும் பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்துப் பணம் கட்டியவன் நான். தம்பி மனைவிதான் தூண்டிவிடுகிறாள். தம்பி மீது வழக்குப் போடலாமா?

பதில்: போட வேண்டாம். போட்டால் தோற்பீர்கள்.

ஆபரேஷன் செலவு, கல்யாணச் செலவு, தம்பி மனைவியின் பேச்சு ஆகியவற்றைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் வழக்கில் இவற்றுக்கு இடமே இல்லை. நீதிபதி கேட்கப்போவது ஒன்றைத்தான்: அந்த 5 சென்ட் எந்தப் பத்திரத்தின்படி உங்களுடையது? உங்களிடம் பத்திரம் இல்லை. பங்காளிகள் முன்னால் அப்பா வாயால் சொன்னார், அவ்வளவுதான். அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுப்பது என்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும். இன்றைய தேதியில் நீங்கள் அப்பா மனையில் ஆறு லட்சம் ரூபாய்க்குக் கல்லும் மண்ணும் போட்டிருக்கிறீர்கள்.

நோட்டீஸை முதலில் முடித்துவிடுவோம். பிளான் அனுமதி இல்லாமல் ஆரம்பித்திருக்கிறீர்கள், அதனால் நோட்டீஸ் சரியானதே. வேலையை இன்றே நிறுத்துங்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் 57-ம் பிரிவில் வேலையை நிறுத்தச் சொல்லலாம், 56-ம் பிரிவில் இடிக்கச் சொல்லலாம், சீல் வைக்கவும் வழி இருக்கிறது. "பணம் போட்டாச்சு", "பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்" என்ற வாதங்கள் எடுபடாது என்று உச்ச நீதிமன்றம் 17.12.2024 தீர்ப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரவில் ஆள் வைத்துச் சுவரை எழுப்பிவிடலாம் என்று மேஸ்திரி சொன்னால் கேட்காதீர்கள்.

உங்கள் ஒப்பந்தக்காரர் இன்னொரு யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பின்பக்க 5 சென்ட்டை மட்டும் தனி மனையாகக் காட்டி, சுயசான்று முறையில், அதாவது உரிமையாளரே உறுதிமொழி கொடுத்து, உடனே அனுமதி வாங்கிவிடலாம் என்று. அந்த முறை 2024 ஜூலையில் வந்தது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டலாம். 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி, அதனால் கணக்கு சரியாக வருகிறது. ஆனால் உங்கள் மனை 5 சென்ட் இல்லை. அது 12 சென்ட், அதாவது 5,227 சதுர அடி. அதில் ஏற்கெனவே ஒரு வீடும் நிற்கிறது. பிரித்த பத்திரம் இல்லாமல் பிரித்ததாகக் காட்டினால் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உறுதிமொழியே பொய்யாகிவிடும். தம்பி இன்னொரு மனு கொடுத்தால் அந்த அனுமதி ரத்தாகும்.

அனுமதியே கிடைத்தாலும் அது கட்டுவதற்கான அனுமதிதான், சொத்துக்கான பாத்தியம் (உரிமை) இல்லை. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் உங்கள் பெயரில் இருந்தாலும் அப்படித்தான். இதை நம்பித்தான் நம் பக்கத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு கட்சிக்காரர் வந்தார். அப்பா மனையின் பின்பக்கம் வீடு கட்டிப் பதினொரு வருடம் குடியிருந்தவர். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், தங்கைகள் பாகம் கேட்டு வழக்குப் போட்டார்கள். அவர் ஒரு மஞ்சப்பையைக் கவிழ்த்து, சிமென்ட், கம்பி, டைல்ஸ் பில்களை என் மேஜையில் பரப்பினார். பாதிக்கு மேல் எழுத்தே இல்லை. மெஷினில் அடித்த பில், மை பறந்து வெறும் வெள்ளைத்தாளாகக் கிடந்தது. கொத்தனாருக்கு எல்லாம் ரொக்கம். வீட்டைக் கட்டியது அவர்தான் என்று ஊருக்கே தெரியும். ஆனால் நிலம் அப்பாவுடையது, நிலத்தோடு வீடும் எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாகப் போயிற்று. அவருக்குக் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்கு. வீட்டை முழுதாக வைத்துக்கொள்ள, தான் கட்டிய வீட்டுக்குத் தானே தங்கைகளுக்கு விலை கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் அப்பா எழுதி வைக்காமல் போனால் அம்மா, நீங்கள், தம்பி, தங்கை என்று நான்கு சமபங்கு. அப்பத்தா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒன்று.

"கட்டிக் குடியேறிவிட்டால் யாராலும் கிளப்ப முடியாது" என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். 1882-ம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தின் 60-ம் பிரிவை வைத்துச் சொல்வது அது. உரிமையாளர் அனுமதித்து, நீங்கள் உங்கள் செலவில் நிரந்தரமாகக் கட்டியிருந்தால் அந்த அனுமதியை அவர் திரும்பப் பெற முடியாது. உண்மைதான். ஆனால் அதனால் நீங்கள் உரிமையாளர் ஆகிவிட மாட்டீர்கள். அந்த வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. உங்கள் செலவில்தான் கட்டினீர்கள் என்று நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில். இனி ஒரு ரூபாய் கொடுத்தாலும் வங்கி வழியாகக் கொடுங்கள்.

இப்போது தம்பி விஷயத்துக்கு வருகிறேன். இதை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கடக்கால் தோண்டியபோது தம்பி ஒன்றும் சொல்லவில்லை. பேஸ்மட்டம் வந்தபோதும் சொல்லவில்லை. வங்கி மூலப்பத்திரம் கேட்ட வாரம்தான் மனு கொடுத்திருக்கிறார். 12 சென்ட்டுக்கும் ஒரே கிரயப் பத்திரம். அதை வங்கியில் வைத்தால் அடமானம் 12 சென்ட்டுக்கும் சேர்ந்தது, தம்பி பெண்டு பிள்ளைகளோடு குடியிருக்கும் முன்வீடும் அதில் அடக்கம். நீங்கள் தவணை தவறினால், அடமானச் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தில் நோட்டீஸ் ஒட்டுவது அந்த வீட்டுக் கதவில்தான். தம்பி இடத்தில் நான் இருந்தாலும் மனு கொடுத்திருப்பேன். இதில் அவர் மனைவி தூண்டிவிட என்ன இருக்கிறது?

அதனால் தம்பியின் பயத்துக்கும் உங்கள் பாத்தியத்துக்கும் மருந்து ஒன்றுதான். 5 சென்ட்டைத் தனியாகப் பிரித்து உங்கள் பெயருக்குப் பத்திரம் ஆக வேண்டும். அந்தப் பத்திரத்தின் மேல் மட்டும் நீங்கள் கடன் வாங்க வேண்டும்.

பத்திரத்தில் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேதான் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது. அப்பாரு பூமியை விற்ற பணத்தில் வாங்கிய மனை, அதனால் உங்களுக்கும் அதில் உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதகம் என்று நினைக்கிறீர்கள். அந்தப் பூமி பரம்பரையாக வந்த பூர்வீகச் சொத்தாக இருந்தால், அதை விற்று வாங்கிய மனையும் பூர்வீகம்தான். அப்போது உங்களுக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு தம்பிக்கும் உண்டு, தங்கைக்கும் உண்டு. அப்பா நினைத்தாலும் தனியாக எழுதித் தர முடியாது. அப்பாரு சுயமாகச் சம்பாதித்த பூமியாக இருந்து, அவர் 1956-க்குப் பிறகு காலமாகி அப்பாவுக்கு வந்தது என்றால் கதை வேறு, அது அப்பாவின் தனிச்சொத்து. பழைய பத்திரங்களை எடுத்துப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது.

தங்கைக்கு நகை போட்டோம், சீர் செய்தோம், அதோடு கணக்கு முடிந்தது என்ற பேச்சு நம் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. சட்டத்தில் அது முடியவில்லை. மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று 2005-ல் சட்டம் திருத்தப்பட்டது, 11.8.2020-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பங்கு வேண்டாம் என்று தங்கை பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் கணக்கு முடியும். அதனால் என் யோசனை, சந்தேகத்துக்கே இடம் வைக்காமல் அப்பா, அம்மா, தம்பி, தங்கை, நீங்கள் ஐந்து பேரும் கட்சிக்காரர்களாக நின்று ஒரே பத்திரமாக எழுதுங்கள். தம்பியைச் சாட்சிக் கையெழுத்து மட்டும் போடச் சொல்லாதீர்கள். சாட்சி போட்டவர் பத்திரத்தில் இருப்பதற்குச் சம்மதித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளாது. இந்தத் தவறால் உடைந்த பத்திரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

செலவுக்குப் பயப்படாதீர்கள். 2023 ஜூலையில் கட்டணத்தை உயர்த்திய பிறகும் குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு பங்குக்கு அதிகபட்சம் 10,000. அப்பா உயில் எழுதித் தருகிறார் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உயிலை அவர் கடைசி மூச்சு வரை மாற்றலாம், வங்கியும் அதை வைத்துக் கடன் தராது.

பத்திரத்தில் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது தடம், அதாவது பின்வீட்டுக்குப் போகும் வழி. கொங்கு நாட்டில் என்னிடம் வருகிற அண்ணன் தம்பி வழக்குகளில் பாதி தட வழக்குதான். மாமூல் தட பாத்தியமும் (வழக்கமாகப் போய்வரும் வழியில் உரிமையும்) உண்டு என்று ஒரு வரி போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். எத்தனை அடி அகலம், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, வண்டி போகலாமா, நடக்க மட்டுமா என்று எதுவும் இருக்காது. ஒரு வழக்கில் தம்பி மாடிப்படியைத் தடத்துக்குள் இரண்டடி இறக்கிக் கட்டிவிட்டார். பின்வீட்டில் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் ரோட்டிலேயே நின்றது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அந்தப் படிக்கட்டில் கட்டிலைச் சாய்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்த இரண்டு குடும்பமும் பேசிக்கொள்ளவில்லை.

உங்கள் மனையில் முன்வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே 7 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். நீளம் 60 அடி. அதாவது 420 சதுர அடி, ஏறக்குறைய ஒரு சென்ட். அந்த ஒரு சென்ட் யார் பங்கில் கழிகிறது என்பதை இப்போதே பேசி முடியுங்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்த 7 அடிதான் முன்வீட்டின் பக்க இடைவெளி. அதையே உங்களுக்குச் சொந்தமாக எழுதினால், நாளைக்குத் தம்பி ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும்போது அந்தப் பக்கம் இன்னும் உள்ளே தள்ளித்தான் கட்ட வேண்டும். மனையைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் தனி மனையாக நிற்க வேண்டும்: சாலைக்கு வழி, நான்கு பக்க இடைவெளி, எல்லாம் தனித்தனியாக. பேஸ்மட்டம் இந்த அளவுகளுக்குள் நிற்கிறதா என்பதும் இப்போது தெரியாது.

அதனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் முன்னால், பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரை வைத்து, 12 சென்ட்டையும் இரண்டு வீட்டையும் தடத்தையும் ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். செப்டிக் டேங்க், போர்வெல், மின்கம்பி வரும் வழி எல்லாம் அதில் வரட்டும். அந்த 7 அடி வழிக்குப் பின்மனையில் அனுமதி கிடைக்குமா என்று அனுமதி வழங்கும் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். மனை அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டில் இருந்தால் அதையும் முதலில் வரன்முறைப்படுத்த வேண்டும். கிடைக்கும் என்றால் அதே வரைபடத்தைப் பத்திரத்தோடு இணைத்துப் பதியுங்கள், உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள், பிறகு பிளான், பிறகு கடன்.

கிடைக்காது என்றால், நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. 5 சென்ட்டையும் பேஸ்மட்டத்தையும் தம்பிக்கே விட்டுவிடுங்கள். இன்றைய விலையில் இடத்துக்கும், நீங்கள் போட்ட ஆறு லட்சத்துக்கும் சேர்த்து ஒரு தொகை பேசி, வங்கி வழியாக வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். அந்தப் பணத்தில் வேறு இடத்தில், ரோட்டை ஒட்டி உங்கள் பெயரில் மனை வாங்குங்கள். தம்பியால் முழுத்தொகையும் ஒரே தடவையில் தர முடியாது என்றால் இரண்டு தவணைக்கு ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் கடைசித் தவணை கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பாகப்பிரிவினை வழக்கு என்று இறங்கினால் முதல் தீர்ப்பு, இறுதித் தீர்ப்பு, அப்பீல் என்று பத்து வருடம் சாதாரணமாகப் போகும். அதுவரை அந்தப் பேஸ்மட்டம் மழையிலும் வெயிலிலும் கிடக்கும், கம்பி துருப்பிடிக்கும்.

அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆபரேஷன் ஆனவர் என்கிறீர்கள். அவர் நல்ல நினைவோடு சார்பதிவாளர் முன் உட்கார்ந்து கைரேகை வைக்கும் நிலையில் இருக்கும்போதே இது முடிய வேண்டும். பத்திரத்தில் அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்க அந்த வீட்டில் இருக்கலாம், பிள்ளைகள் அவர்களைப் பராமரிக்க வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். அவர்கள் மனநிம்மதியோடு கையெழுத்துப் போட அது தேவை. பராமரிக்காமல் விட்டால் 2007-ம் வருடத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் பத்திரமே ரத்தாகலாம் என்பதை நீங்களும் தம்பியும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது, தங்கைக்குப் போன் செய்வது. கோபியிலிருந்து ஒருநாள் வரச் சொல்லுங்கள், அப்பாரு பூமியின் பழைய பத்திரங்களையும் 1996 கிரயப் பத்திரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு ஐந்து பேரும் ஒரே இடத்தில் உட்காருங்கள். வங்கியில் முன்வீட்டை அடமானம் வைக்கப் போவதில்லை என்பதைத் தம்பியிடம் நீங்களே முதலில் சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.