காவேரிப்பட்டினத்தில் உட்கார்ந்திருந்தால் ஜிமெயில் ஏன் சென்னை என்கிறது?

கேள்வி: காவேரிப்பட்டினத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். கடைக் கணக்கு, வங்கி எல்லாம் ஒரே ஜிமெயிலில்தான். போன வாரம் மொபைல் டேட்டாவில் இருந்தபோது "புதிய உள்நுழைவு, சென்னை" என்று அறிவிப்பு வந்தது. அன்று முழுக்கக் கடையில்தான் இருந்தேன். கடை பிராட்பேண்டில் பார்த்தால் சில தளங்கள் பெங்களூரு என்கின்றன. யாராவது என் கணக்கில் நுழைந்துவிட்டார்களா?

பதில்: ஊர்ப் பெயர் மட்டும் தவறாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அதற்காக அறிவிப்பைப் படிக்காமல் தள்ளிவிடவும் கூடாது. அதில் இருக்கும் சாதனத்தின் பெயரையும் நேரத்தையும் பாருங்கள். உங்கள் போன் மாடலே இருந்து, நீங்கள் உள்ளே போன நேரமும் ஒத்துப்போனால் அது நீங்கள்தான்.

அறிவிப்பில் வரும் ஊர்ப் பெயர், உங்கள் இணைய இணைப்புக்குக் கொடுக்கப்படும் எண்ணான ஐபி முகவரியை வைத்துக் கணிக்கப்படுவது. அந்த முகவரிக்குள் ஊர் எதுவும் எழுதப்பட்டிருக்காது. ஆசிய பசிபிக் நாடுகளுக்கு ஏப்னிக் என்ற அமைப்பும், அதன் கீழ் இந்தியாவில் ஐரின் என்ற பதிவகமும் முகவரிகளைத் தொகுதி தொகுதியாக இணைய நிறுவனங்களுக்குக் கொடுக்கின்றன. பதிவேட்டில் இருப்பது நிறுவனத்தின் பெயரும் அதன் அலுவலக முகவரியும்தான். டிஎன் 29 என்று பலகை மாட்டிய வண்டி தருமபுரியில் பதிவானது என்று தெரியும். இந்த நிமிடம் அது எங்கே நிற்கிறது என்று பலகை சொல்லாது. அப்படித்தான் இதுவும். அப்புறம், ஐபி எந்த ஊரில் பயன்படுகிறது என்று சொல்லும் தரவுத்தளங்களைத் தனியார் நிறுவனங்கள் தயாரிக்கின்றன. பதிவேடு, தகவல் போய்வர ஆகும் நேரம், இணைய நிறுவனங்களே தரும் பட்டியல் என்று பலவற்றைச் சேர்த்துப் போடும் கணிப்பு அது. நாட்டைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். ஊர் என்று வரும்போதுதான் தடுமாறும்.

மொபைல் டேட்டாவில் தடுமாற்றம் இன்னும் அதிகம். உங்கள் போன் பேசுவது பக்கத்து டவரோடுதான். ஆனால் அந்த டேட்டா நிறுவனத்தின் மைய வலையமைப்பு வரை போய், பெரும்பாலும் ஏதோ ஒரு பெரிய நகரத்தில்தான் இணையத்துக்குள் நுழைகிறது. வெளி உலகத்துக்குத் தெரிவது அந்த வாசல். போதாததற்கு, பழைய வகை ஐபி முகவரிகள் உலகம் முழுவதற்கும் சுமார் 430 கோடிதான். பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். பாலக்கோட்டில் ஒருவர், சேலத்தில் ஒருவர், ஊட்டியில் ஒருவர் என்று ஒரே நேரத்தில் அதே முகவரியில் இருக்கலாம். தரவுத்தளம் இதில் எந்த ஊரைப் போடும்?

கடை பிராட்பேண்ட் பெங்களூரு என்பதற்கும் காரணம் உண்டு. சிறிய கேபிள் இணையக்காரர்கள் பெரிய நிறுவனத்திடம் இணைப்பு வாங்கி விநியோகிப்பார்கள். அந்த நிறுவனத்தின் முகவரித் தொகுதி பெங்களூருவில் பதிவாகியிருந்தால் உங்கள் கடையும் அங்கேதான் தெரியும். இது தொந்தரவாக இருந்தால் இணையக்காரரிடம் சொல்லுங்கள். தரவுத்தள நிறுவனங்களிடம் திருத்தம் கேட்க வழி இருக்கிறது.

சரி, அதே போனில் மேப் மட்டும் கடை வாசலையே காட்டுகிறதே? அது ஜிபிஎஸ், சுற்றியுள்ள வைஃபை, டவர் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுகிறது. அது வேறு முறை.

இந்தக் கணிப்பை உண்மை என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மேக்ஸ்மைண்ட் என்ற தரவுத்தள நிறுவனம், அமெரிக்காவில் எங்கே என்று தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுவில் ஒரு புள்ளியை வைத்திருந்தது. அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டருகே விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அங்கே காட்டின. மோசடி செய்தவர்களைத் தேடிப் போலீஸும் ஏமாந்தவர்களும் வருடக்கணக்கில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 2016-இல் விஷயம் வெளியே வந்த பிறகுதான் புள்ளியை ஓர் ஏரிக்குள் மாற்றினார்கள். குற்றமே செய்யாத குடும்பம் பட்ட பாடு அது. ஏதோ ஒரு தளத்தில் ஐபியைப் போட்டுப் பார்த்து, "இந்த ஊர்க்காரன்தான்" என்று யாரையும் கைகாட்டிவிடாதீர்கள்.

இன்றே செய்ய வேண்டியது இது: கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் "உங்கள் சாதனங்கள்" பட்டியலைப் பாருங்கள். தெரியாத போனோ கணினியோ இருந்தால், ஊர் சரியாகவே காட்டினாலும் அதை வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு முறையும் உங்களைச் சரிபார்க்கும் இரண்டு படிச் சரிபார்ப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். வங்கி வேலையும் அதே மெயிலில் என்பதால் இதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பணம் போயிருந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். அந்த அறிவிப்பை அழிக்க வேண்டாம். ஒரே முகவரியைப் பலர் பகிர்வதால், ஐபியோடு சரியான தேதியும் நேரமும் இருந்தால்தான் அதைப் பயன்படுத்தியவர் யார் என்று காவல்துறை கேட்கும்போது இணைய நிறுவனத்தால் தன் பதிவுகளில் தேடிச் சொல்ல முடியும்.