குடியை விடச் சொன்னால் முரண்டு பிடிப்பது ஏன்? – கேள்வி பதில்

கேள்வி (மீட்பு மையத்தில் புதிதாகச் சேர்ந்த ஆலோசகர்): சிகிச்சைக்கு வந்த ஒருவர் முதல் நாளே "நான் குடிகாரன் இல்ல, வீட்டுல இழுத்துட்டு வந்துட்டாங்க" என்கிறார். இந்த மறுப்பை எப்படி உடைப்பது?

பதில்: உடைக்கவே போகாதீர்கள் தம்பி. அவருக்குள் ரெண்டு மனசு. ஒன்று விடு என்கிறது, இன்னொன்று விடாதே என்கிறது. விடு என்கிற கட்சியை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவருக்கு மிஞ்சுவது குடியின் கட்சிதான். அதைப் பேசப் பேச அவருக்கே அது உறுதிப்பட்டுவிடும்.

இப்படி வாதாடாமல், மாறுவதற்கான காரணங்களை அவர் வாயாலேயே பேசவைப்பதற்கு ஊக்க நேர்காணல் என்று பெயர். இந்த முறையை 1983இல் முன்வைத்தவர் உளவியலாளர் வில்லியம் மில்லர். பிறகு ஸ்டீஃபன் ரோல்னிக்கும் அவரும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். 2013இல் 'எதிர்ப்பு' என்ற சொல்லையே ஒதுக்கி, அதை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பேச்சு குடியைப் பற்றியதென்றால் ("குடிச்சாத்தான் தூக்கம் வருது") அது ஊசலாட்டம், இயல்பானது. பேச்சு உங்கள்மேல் திரும்பினால் ("உங்களுக்கு என்ன சார் தெரியும்?") அது உரசல், அதில் உங்கள் பங்கும் உண்டு. உரசல் வந்தால் நிறுத்திவிட்டு, "அவசரப்பட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க. இன்னைக்கு எதைப் பத்திப் பேசலாம்?" என்று அவர் கையில் விட்டுவிடுங்கள்.

ஊசலாட்டம் வந்தால் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள். "உங்களைக் கேக்காமலே முடிவு பண்ணிட்டாங்க." கேள்வியாக இழுக்காமல், குரலைத் தாழ்த்தி முடியுங்கள். பிறகு சும்மா இருங்கள், அவரே தொடர்வார். இரண்டு மனசும் தெரிந்தபின் 'ஆனா' போடாமல் 'உம்' போட்டுச் சேருங்கள்: "குடிச்சாத் தூக்கமும் வருது, காலைல கை நடுங்குறப்போ பயமாவும் இருக்கு." 'ஆனா' முதல் பாதியை அழித்துவிடும். மாற விரும்பும் பாதியைக் கடைசியில் வையுங்கள். பெரும்பாலும் அங்கிருந்துதான் அடுத்த பேச்சை எடுப்பார்.

கேள்வி (மற்றொரு ஆலோசகர்): 'விடுவது எவ்வளவு முக்கியம், 0 முதல் 10க்குள் சொல்லுங்கள்' என்றேன். 3 என்றார். 'ஏன் 8 இல்லை?' என்றதும் குடிக்கான நியாயங்களாகக் கொட்டினார்.

பதில்: கேள்வியைக் கவிழ்த்துக் கேளுங்கள்: "1 சொல்லாம ஏன் 3 சொன்னீங்க?" இப்போது விடுவதற்கான காரணங்கள் அவர் வாயிலிருந்தே வரும். 'விட முடியும்னு எவ்வளவு நம்பிக்கை?' என்று இரண்டாவது அளவையும் கேளுங்கள். முக்கியம் 9, நம்பிக்கை 2 என்றால் அவர் முரண்டு பிடிக்கவில்லை, பயப்படுகிறார். அவரிடம் ஈரல் படத்தைக் காட்டாதீர்கள். சம்பள நாள் சாயங்காலம் எந்த வழியாக வீட்டுக்குப் போவது என்று சேர்ந்து திட்டமிடுங்கள்.

கேள்வி (மனைவி): பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறார். சாயங்காலமே குடித்துவிட்டு வருகிறார். எல்லாம் நடிப்பா?

பதில்: நடிப்பாக இருக்க வேண்டியதில்லை அம்மா. காலையில் பேசியது ஒரு மனசு, சாயங்காலம் வென்றது இன்னொன்று. சத்தியம் கேட்பதை விட்டுவிடுங்கள். அது உடையும்போது வருகிற அவமானமே அடுத்த குடிக்குக் காரணமாகலாம். போதை தெளிந்திருக்கும்போது ஐந்தே நிமிடம், ஒரே விஷயம்: "நேத்து நீங்க வாசல்ல விழுந்ததைப் பார்த்துப் பாப்பா அழுதா. எனக்குப் பயமா இருக்கு." அதோடு விட்டுவிடுங்கள். அடிக்கிறார் என்றால் பேச்சுவார்த்தை உங்கள் வேலை இல்லை, பெண்களுக்கான உதவி எண் 181ஐ அழையுங்கள்.

கேள்வி (தம்பி): அண்ணனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் குடி நிறுத்தும் மாத்திரை கலக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. டைசல்ஃபிராம் என்கிற அந்த மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகு, அவர் சம்மதத்தோடு மருத்துவர் தர வேண்டிய மாத்திரை அது. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அது வேலை செய்யும்.

கேள்வி (தங்கை): அண்ணன் தினமும் குடிப்பவர். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், வீட்டிலேயே நாளைக்கு நிறுத்துகிறேன் என்று அடம் பிடிக்கிறார்.

பதில்: சட்டென்று நிறுத்தவிடாதீர்கள். 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் வரலாம். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இடம் தெரியாமல் உளறினால், இல்லாத பூச்சியைத் தட்டினால், உடனே 108. ஏற்கெனவே ஒரு முறை நிறுத்திப் பார்த்து இதில் மாட்டியவர்தான் பல சமயம் ஆஸ்பத்திரி என்றாலே மறுப்பார். "போன தடவை நிறுத்தினப்போ உடம்பு என்ன பண்ணுச்சுண்ணே?" என்று கேளுங்கள். நடுக்கத்துக்கு மாத்திரை, தயமின் (வைட்டமின் பி1) ஊசி, பக்கத்தில் ஆள் என்று அங்கே என்ன நடக்கும் என்பதை விவரமாகச் சொல்லுங்கள். அவருக்கே பேசத் தோன்றினால் மனநல உதவிக்கு 14416 எண் இருக்கிறது, கட்டணம் இல்லை.