அப்பா பெயரில் போய் நிற்கும் நூலாசிரியர்

ஒரே ஆசிரியர் உங்கள் நூலகப் பட்டியலில் 'கண்ணன், மு.' என்றும் 'முத்துசாமி, கண்ணன்' என்றும் இரண்டு பதிவாக இருக்கிறார், எதை வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். 'கண்ணன், மு.' என்பதையே வையுங்கள். 'முத்துசாமி, கண்ணன்' என்ற இன்னொரு பதிவை அழிக்க வேண்டாம். அதில் தேடுபவரைச் சரியான பெயருக்கு அனுப்பும் 'காண்க' குறிப்பாக மாற்றிவிடுங்கள்.

வெளியிலிருந்து இறக்கிய பதிவுதான் காரணமாக இருக்கும். கடைசிச் சொல் குடும்பப் பெயர் என்று அது எடுத்துக்கொள்கிறது. நம்மிடம் அது பெரும்பாலும் அப்பா பெயர். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. அப்படி விட்டு, வெறும் முன்னெழுத்தோடு நின்றவர்கள் எத்தனையோ பேர். அந்த முடிவை ஒரு காற்புள்ளி மாற்றி எழுதக் கூடாது. நூலகப் பட்டியல் தயாரிப்பதற்கான ஏஏசிஆர்2 (AACR2) விதிகளும் குடும்பப் பெயர் இல்லாத தமிழரை அவரவர் சொந்தப் பெயரில்தான் பதியச் சொல்கின்றன.

அலமாரிக்குப் போய் நூலின் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். 'மு. கண்ணன்' என்று இருந்தால் சரி, வேறு யோசனை வேண்டாம். அப்புறம், காற்புள்ளிக்குப் பின் முன்னெழுத்து இல்லாமல் முழுப்பெயர் வரும் தமிழ்ப் பதிவுகளை மட்டும் வடிகட்டுங்கள். இன்னும் சில சிக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். அப்பா பெயரையோ கணவர் பெயரையோ தாங்களே குடும்பப் பெயராக வைத்து எழுதுபவர்கள் உண்டு, வெளிநாடுகளில் வாழ்பவர்களில் குறிப்பாக. அவர்களை அப்படியே விடுங்கள்.