கேளுங்க, சொல்றேன்: கன்பூசியஸும் காட்டன் கால்வாயும்

ஆள்பவன் நேராக நடந்தால் உத்தரவு போடாமலே வேலை நடக்கும் என்று பழைய சீன ஞானி கன்பூசியஸ் சொன்னதைப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சில:

வாசகர், வியாசர்பாடி: எங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாயை ராத்திரியோடு ராத்திரியாக மழைநீர் வடிகாலில் சேர்த்துவிட்டார் அப்பா. கார்ப்பரேஷன் ஆட்கள் வீடு வீடாக விசாரிக்கிறார்கள். நான் சொல்லிவிடலாமா? உங்கள் கன்பூசியஸ் என்ன சொல்வார்?

தம்பி, இதே மாதிரி ஒரு வழக்கு அவரிடமே வந்தது. "எங்கள் ஊரில் அப்பன் ஆடு திருடினால் மகனே சாட்சி சொல்வான், அவ்வளவு நேர்மை" என்று ஷெ என்ற ஊரை ஆண்டவர் பீற்றிக்கொண்டார். "எங்கள் ஊர் நேர்மை வேறு மாதிரி. மகனுக்காக அப்பன் மறைப்பான், அப்பனுக்காக மகன் மறைப்பான்" என்றார் கன்பூசியஸ். ஹைகோர்ட் வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்திருக்கிற ஊர்க்காரர்கள் நாம். கேட்டால் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும்.

ஆனால் சீனாவில் அது சட்டமாகவே ஆனது. 7ஆம் நூற்றாண்டு டாங் அரசின் சட்டத்தில் ராஜதுரோகம் போன்றவை நீங்கலாக, சொந்தக்காரர் குற்றத்தை மறைப்பது குற்றமில்லை. 2012இல் திருத்திய சட்டத்திலும், பெற்றோர், பிள்ளை, கணவன், மனைவி ஆகியோரைக் கோர்ட்டுக்கு இழுத்துவந்து சாட்சி சொல்ல வைக்க முடியாது என்று சேர்த்தார்கள்.

சரி, உங்கள் விஷயம். ஆடு போனால் ஒரு வீட்டுக்கு நஷ்டம். உங்கள் அப்பாவின் நாலு இஞ்ச் பிவிசி பைப் தெருவுக்கே வேலை வைக்கிறது. வடிகால் ஸ்லாபைத் தூக்கிப் பாருங்கள், கறுப்பாக நுரைத்துக்கொண்டு நிற்கும். ஐப்பசி மழையில் கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பி எதிர்த்துத் தள்ளினால், அது தரைத்தளத்தில் குடியிருப்பவரின் அடுப்படிக்குள்தான் வரும்.

மறைக்கச் சொன்ன அதே மனிதர்தான், பெற்றோர் தப்பு செய்தால் பதமாக எடுத்துச் சொல், கேட்காவிட்டாலும் மரியாதை குறையாமல் நட என்றும் சொன்னார். நம் ஜனங்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்! காட்டிக்கொடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிளம்பரைக் கூட்டிவந்து உங்கள் செலவில் பைப்பைக் கழற்றுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்புக்கு அப்பா பெயரிலேயே மெட்ரோ வாட்டரில் மனு கொடுங்கள். அவர் திட்டுவார், திட்டட்டும். உங்கள் அப்பா கவுன்சிலராக இருந்திருந்தால் மட்டும் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன். அப்போது மனுநீதிச் சோழன் கட்சிதான் நான்.

வாசகி, தண்டையார்பேட்டை: நாட்டுக்குச் சோற்றைவிட நம்பிக்கை முக்கியம் என்றாராமே. நம்பிக்கையைப் பொங்கிச் சாப்பிடவா?

கோபம் நியாயம்தான் அம்மா. சோறு, படை, மக்களின் நம்பிக்கை என்று மூன்றைச் சொன்னார். ஒன்றை விடவேண்டி வந்தால்? படையை விடு. இன்னொன்றையும் விடவேண்டி வந்தால்? சோற்றை விடு, நம்பிக்கை இல்லாமல் நாடு நிற்காது என்றார். ஆனால் இது ஆள்பவன் காதில் ஓதியது. மக்கள் என்று வரும்போது, முதலில் வசதியாக வாழவை, அப்புறம் பாடம் சொல்லிக்கொடு என்றவரும் அவரேதான்.

2023 டிசம்பர் புயலுக்குப் பிறகு ரேஷன் கடையில் 6000 ரூபாய் கொடுத்தார்களே, அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா டோக்கனை மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டே, "நம்ம முறை வர்றப்ப பணம் இருக்குமா?" என்று நாலு பேரிடம் கேட்டார். பணம் வந்துவிட்டது, கேள்வி போகவில்லை. கன்பூசியஸ் கவலைப்பட்டது அந்தக் கேள்விக்குத்தான்.

வாசகி, பெரம்பூர்: பெண்களைப் பற்றி ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கிறாரா?

பெண்களோடும் அற்பர்களோடும் காலம் தள்ளுவது கஷ்டம் என்று சொல்லிவைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தைத் தாராளமாகக் கிழித்துவிடலாம்.

வாசகர், காசிமேடு: அவர் நம் தொகுதியில் நின்றால் ஜெயிப்பாரா?

டெபாசிட் போய்விடும். சொந்த நாடான லூவிலேயே பதவி நிலைக்காமல், 50 வயதைத் தாண்டி, பத்து வருடத்துக்கும் மேலாக ராஜா ராஜாவாகப் பார்த்து அலைந்தவர். யாரும் சீட் கொடுக்கவில்லை. ஆனால் பாடம் கேட்க வந்தவன் ஒரு கட்டு உப்புக்கண்டம் கொண்டுவந்தாலே போதும், திருப்பி அனுப்பியதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் பேட்டையில் டியூஷன் சென்டர் வைத்திருந்தால் ஃபீஸ் கருவாடாகத்தான் வந்திருக்கும்.