திருவட்டார் ஓட்டு வீடு: 5 லட்சம் முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி:

எனக்கு வயது 36. பெங்களூரில் மென்பொருள் வேலை, கைக்கு வரும் சம்பளம் மாதம் 92,000. வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் இத்தனை நாள் ஆசைப்பட்டதைச் செய்தேன். தனியாகக் காரை எடுத்துக்கொண்டு மங்களூர், கோகர்ணா, கோவா என்று சுற்றிவிட்டு, கேரளக் கரையோரமாகவே இறங்கி 24-ஆம் நாள் களியக்காவிளை தாண்டி ஊருக்கு வந்தேன். செலவு 1.30 லட்சம். அதில் 60,000 கிரெடிட் கார்டில் நிற்கிறது. இப்போது மார்த்தாண்டத்தில் அண்ணன் வீட்டில் அம்மாவுடன் இருக்கிறேன். இனி ஊரிலேயே ஒரு வீடு வேண்டும் என்று தோன்றுகிறது. ஜனவரியில் மாத்தூர் தொட்டிப் பாலம் பார்த்துவிட்டு வரும்போது திருவட்டார் பக்கம் ஒரு வீடு கண்ணில் பட்டது. 7 சென்ட், பழைய ஓட்டு வீடு, கிணறு, இரண்டு பலா. காரை ரோட்டில் நிறுத்திவிட்டு உள்ளே நடந்து போனதும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. விலை 38 லட்சம். பத்திரத்தில் 18 லட்சம் காட்டலாம், மீதி ரொக்கம் என்கிறார் புரோக்கர். உடனே 5 லட்சம் முன்பணம் கேட்கிறார்கள். வைப்பு நிதி 9 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 6.5 லட்சம் இருக்கிறது. கார் கடன் மாதம் 11,500 இன்னும் இரண்டு வருடம். பெங்களூரில் 24,000 வாடகை கொடுத்து வந்த வீட்டைக் காலி செய்துவிட்டேன். மார்த்தாண்டத்தில் 9,000-க்கு வாடகை வீடு கிடைக்கிறது. ஆனால் அம்மா, "மக்களே, வாடகைக்குக் குடுக்கிற காசு தண்ணியில போட்டதாக்கும்" என்கிறார். முன்பணத்துக்குத் தன் நகையை அடகு வைக்கவும் தயாராக இருக்கிறார். என்ன செய்யட்டும்?

— வாசகி, மார்த்தாண்டம்

பதில்:

முதலில் அந்த 24 நாளுக்கு என் வாழ்த்து. 1.30 லட்சத்தை வீணாக்கிவிட்டேன் என்ற வருத்தம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. அது வேண்டாம். சொந்தச் சம்பாத்தியத்தில், சொந்தக் காரில், தனியாகப் போய் நலமாகத் திரும்பி வந்திருக்கிறீர்கள். கார்டில் நிற்கிற 60,000 மட்டும்தான் எனக்கு உறுத்துகிறது. கார்டு வட்டி மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் போகும். வைப்பு நிதியில் ஒரு பகுதியை உடைத்து இந்த வாரமே அதை அடைத்துவிடுங்கள். முன்கூட்டி உடைப்பதால் குறையும் வட்டி அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். 5 லட்சம் முன்பணம் கொடுக்காதீர்கள். அம்மாவின் நகையும் பெட்டியிலேயே இருக்கட்டும்.

காரணங்களில் பணக்கணக்கு ஒன்று, பத்திரம் ஒன்று. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், நீங்களே போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என் கண்ணில் பட்டது. காரை ரோட்டில் நிறுத்திவிட்டு உள்ளே நடந்து போனேன் என்கிறீர்கள். ஏன் நிறுத்தினீர்கள்? ஓரமாக நிறுத்திவிட்டு நடக்கலாம் என்று தோன்றியதா, இல்லை கார் உள்ளே போகாதா?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது பெரிய விஷயம். வெளியூரில் தெரு போட்டு, தெருவின் இரு பக்கமும் வீடு கட்டுவார்கள். இங்கே, குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு பக்கம், ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள் இருக்கும். தாத்தா காலத்தில் ஒரே புரையிடமாக, அதாவது ஒரே வீட்டு மனையாக இருந்ததைப் பிள்ளைகள் பங்கு வைத்திருப்பார்கள். உள்பங்கு கிடைத்தவருக்கு முன்பங்கின் ஓரமாக ஒரு நடைவழி இருக்கும். அண்ணன் தம்பிக்குள் அது போதும். வெளியாள் வாங்கும்போதுதான் அதன் அகலம் என்ன, அது யாருடையது என்ற கேள்வி வரும்.

எனக்கே இது நடந்தது. 2009-ல் தக்கலைக்குப் பக்கத்தில் 5 சென்ட் வாங்கினேன். பத்திரத்தில் 'தென்புறம் நடைவழி' என்று இருந்தது. வழி இருக்கிறதே என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். வீடு கட்ட ஆரம்பித்தபோதுதான் புரிந்தது. லாரி வராது. ஜல்லி, மணல், செங்கல் எல்லாவற்றையும் ரோட்டில் இறக்கி, அங்கிருந்து தலைச்சுமையாகக் கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் இரட்டைக் கூலி. அஸ்திவாரத்தோடு நிறுத்திவிட்டு, நாலு வருடம் கழித்துப் பக்கத்து மனைக்காரருக்கே அவர் சொன்ன விலைக்குக் கொடுத்தேன். அவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த இடத்தால் பயன் இல்லை, அது அவருக்கும் தெரியும்.

வங்கியின் மதிப்பீட்டாளரும் இதைத்தான் முதலில் பார்ப்பார். கார் போகாத மனைக்கு மதிப்பைக் குறைத்து எழுதுவார், சில வங்கிகள் கடனே தராது. அதனால் வீட்டின் அழகைப் பார்ப்பதற்கு முன் பத்திரத்தின் சொத்து விவரத்தில் வழியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். 'நடைவழி' என்பது வேறு, 'வாகனங்கள் சென்று வரும் 10 அடி பாதை' என்பது வேறு. பக்கத்துக்காரர் "அதுக்கென்ன, வண்டி போயிக்கலாம்" என்று வாயால் சொல்வது அவர் இருக்கும் வரைக்கும்தான். முன்மனைக்காரர் பாதைக்கான இடத்தைப் பதிவுப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அது உங்களுடையது. அதை வாங்கித் தர வேண்டிய பொறுப்பு விற்பவருடையது, விலை பேசுவதற்கு முன்பே.

சரி, பாதை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். விலை 38 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3.42 லட்சம். பெண்கள் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறையும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2025 ஏப்ரல் முதல் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான், உங்களுக்கு வராது. பழைய ஓட்டு வீட்டில் குடியேற ஓடு மாற்ற வேண்டும், செல்லரித்த கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) இருந்தால் எடுக்க வேண்டும், வயரிங், கழிப்பறை என்று குறைந்தது 4 லட்சம் ஒதுக்குங்கள். மொத்தம் 45.42 லட்சம். 30 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்கு முழு 30 லட்சமும் கிடைத்தது என்றே வைப்போம். கார்டை அடைத்த பிறகு உங்கள் கையில் 14.9 லட்சம். இரண்டையும் சேர்த்தால் 44.9 லட்சம். கடைசி ரூபாய் வரை துடைத்து எடுத்தாலும் 52,000 குறைகிறது. அம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் எடுக்க ஒன்றும் இருக்காது.

வட்டி 8.5 சதவீதம், 15 வருடம் என்றால் தவணை 29,500 சொச்சம். கார் தவணையோடு 41,000. ஊரில் இருக்கும் வரை 92,000 சம்பளத்தில் சமாளிக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் வீட்டிலிருந்து வேலை என்ற ஒரே தூணில் நிற்கிறது. அந்த அனுமதிக் கடிதத்தை எடுத்து, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். 'மறு அறிவிப்பு வரும் வரை' என்று இருந்தால், அடுத்த மாதமே திரும்பக் கூப்பிடலாம் என்றுதான் பொருள். அப்போது பெங்களூரில் பழையபடி 24,000 வாடகை சேரும். மொத்தம் 65,000 போய், 27,000-ல் இரண்டு ஊரில் இரண்டு வீடு நடத்த வேண்டும். பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீட்டை ஒரே மழைக்காலத்தில் கறையான் எடுத்துவிடும்.

புரோக்கர் சொல்லும் 18 லட்சம் யோசனையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அது சட்டப்படி குற்றம். நில பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது இருக்கட்டும், உங்களுக்கு என்ன லாபம் என்று பாருங்கள். பதிவுச் செலவில் 1.80 லட்சம் மிச்சம். ஆனால் வங்கி 18 லட்சத்தை வைத்துத்தான் கடன் தரும், அதிகபட்சம் 16.2 லட்சம். மீதி 21.8 லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? நாளை நீங்கள் 40 லட்சத்துக்கு விற்றால், வாங்கிய விலை 18 என்று காகிதம் சொல்லும். இல்லாத லாபத்துக்கு நீங்கள் வரி கட்டுவீர்கள். இந்த ஏற்பாட்டில் நன்மை முழுவதும் விற்பவருக்கு.

இப்போது பத்திரம். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நம் ஊரில் அதில் ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். அவர் அனுப்பும் அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று வர வேண்டும். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் செலுத்த வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த சம்மதத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்று இணையத்தில் 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் தேட வேண்டும்.

மூலப் பத்திரத்தில் ஒரு சிக்கல் நமக்கே உரியது. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும் வரை நாம் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. பழைய ஆதாரங்கள், அதாவது பத்திரங்கள், மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். 1122 என்று தேதி பார்த்தால் திகைக்க வேண்டாம், அது 1946-47. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் தெரிந்த வக்கீலிடம் இதைக் காட்டிப் பயனில்லை. குழித்துறை, பத்மநாபபுரம் நீதிமன்றங்களில் தொழில் செய்கிற, பழைய மலையாள எழுத்துப் படிக்கத் தெரிந்த ஒரு மூத்த வக்கீலிடம் கொடுங்கள். அவர் வாங்கும் கட்டணம்தான் இந்த விஷயம் முழுவதிலும் மிக நல்ல செலவு. அந்தப் பத்திரத்தில்தான் பெரும்பாலும் வழியின் உண்மையான கதையும் இருக்கும்.

வேறு வீடு பார்க்கும்போதும் இதெல்லாம் பொருந்தும். மலையோரம், பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் போனால் தனியார் காடுகள் சட்டத்தின் கீழ் அந்தச் சர்வே எண் வருகிறதா என்று கேளுங்கள். கடலோரம் என்றால் உயர் ஓத எல்லையிலிருந்து (கடல் நீர் ஏறி வரும் உச்ச எல்லை) 500 மீட்டருக்குள் கட்டுப்பாடு உண்டு.

இனி அம்மா சொன்ன வாடகைக்கு வருகிறேன். மாதம் 9,000 என்றால் வருடம் 1.08 லட்சம். தண்ணீரில் போட்ட காசு என்று அம்மாவுக்குத் தோன்றுவது நியாயம்தான், அந்தத் தலைமுறை அப்படித்தான் சேர்த்து வீடு கட்டியது. ஆனால் 30 லட்சம் கடனுக்கு முதல் வருடம் நீங்கள் கட்டும் வட்டி மட்டும் 2.51 லட்சம். அதுவும் திரும்ப வராத பணம்தான். இதை அம்மாவிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். ஒத்திக்கு, அதாவது மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகை இல்லாமல் குடியிருக்க, வீடு பார்க்கலாமே என்று அண்ணன் சொல்லக்கூடும். அந்த வீட்டின் பேரில் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால் உங்கள் ஒத்திப் பணம் மாட்டிக்கொள்ளும். இப்போதைக்கு மாத வாடகையே நல்லது.

இந்த வருடம் முழுவதும் வாடகை வீட்டில் அம்மாவுடன் இருங்கள். மாதம் 40,000 சேமிக்க உங்களால் முடியும். வருட முடிவில் 4.8 லட்சம் சேர்ந்து கையில் 19.7 லட்சம் இருக்கும். அவசரத்துக்கு 3 லட்சத்தைத் தனியாக வைத்துவிட்டு, 22 லட்சம் மட்டும் கடன் எடுத்தால் தவணை 21,700-க்குள். பதிவு, வக்கீல், பழுதுபார்ப்பு எல்லாம் போக 31 லட்சம் வரை தைரியமாக விலை பேசலாம். அதற்குள் கார் கடனும் பாதி முடிந்திருக்கும்.

ஒரு வருடம் என்று நான் சொல்வதற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. நீங்கள் அந்த வீட்டைப் பார்த்தது ஜனவரியில். மழை ஓய்ந்து, கிணறு நிறைந்து, வெயில் ஏறாத மாதம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை உண்டு. ஆனி, ஆடியில் ஒருமுறையும் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறையும் அந்த வீட்டைப் போய்ப் பாருங்கள். கோதையாறும் பரளியாறும் சுற்றி ஓடுகிற இடம் அது. 2021 நவம்பர் வெள்ளத்தில் அந்த விளைக்குள் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், சுவரைக் காட்டியே சொல்வார்கள். பங்குனி, சித்திரையில் கிணற்றில் எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது என்றும் பாருங்கள்.

அதற்குள் யாராவது வாங்கிவிட்டால்? வாங்கட்டும். அளவான விலைக்கு, கார் போகிற பாதையோடு இன்னொரு வீடு திருவட்டாரிலேயே வரும்.

ஆனால் அந்த வீட்டின் மேல் உங்கள் மனம் அப்படித்தான் நிற்கிறது என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கூட்டிக்கொண்டு அளவு நாடாவோடு போங்கள். ரோட்டிலிருந்து முற்றம் வரை வழியின் அகலத்தை மூன்று இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூலப் பத்திரத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். நகல் தரத் தயங்கினால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். தந்தால், அந்த மூன்று அளவையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். எவ்வளவுக்குக் கேட்கலாம் என்று அப்புறம் பேசுவோம்.