தேட வேண்டியது பணத்தை அல்ல, ஆளை

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. தம்பிக்கு 23 வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். அங்கே செப்புக் கம்பி காணாமல் போனது என்று அவனையும் இன்னும் இரண்டு பேரையும் பிடித்துப் போய்விட்டார்கள். இப்போது சேலம் ஜெயிலில் இருக்கிறான். ஜாமீன் கிடைத்து ஒன்பது நாள் ஆகிறது, ஆனால் வெளியே வரவில்லை. தலா பத்தாயிரத்துக்கு இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த உறவு என்று உத்தரவாம். கோர்ட் வாசலில் ஒருவர், "இருபதாயிரம் கொடுங்கள், இரண்டு ஆளையும் நானே நிறுத்துகிறேன். ஓசூர் ஆளாக இருந்தால்தான் ஒத்துக்கொள்வார்கள்" என்கிறார். அப்பா இல்லை. அம்மா சாப்பிடுவதே இல்லை. என் தோட்டை அடகு வைத்துப் பணத்தைக் கொடுத்துவிடலாமா?
- ஒரு சகோதரி, தருமபுரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தோடு காதிலேயே இருக்கட்டும். அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

உத்தரவில் இருக்கும் பத்தாயிரம் நீங்கள் கொண்டுபோய்க் கட்ட வேண்டிய தொகை அல்ல. தம்பி வாய்தா தவறாமல் கோர்ட்டுக்கு வருவான், வராமல் ஓடிவிட்டால் பத்தாயிரத்துக்கு நான் பொறுப்பு என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிற உறுதி, அவ்வளவுதான். அதற்குத்தான் ஜாமீன் பத்திரம் என்று பெயர். கையெழுத்துப் போடும் நாளில் பணம் கைமாறுவதில்லை. அதனால் நீங்கள் தேட வேண்டியது பணத்தை அல்ல, ஆளை.

இது தெரியாமல் நஷ்டப்பட்டவர்களை இத்தனை வருட வக்கீல் தொழிலில் நிறையப் பார்த்துவிட்டேன். ஊத்தங்கரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பேரனுக்காக இரண்டு ஆட்டை விற்றுவிட்டு வந்தார். பணம் மஞ்சள் பைக்குள் பை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர் என்று சுருட்டி மடியில் இருந்தது. "எந்த கவுன்ட்டர்ல கட்டணும் சாமி?" என்று கேட்டார். எங்கேயும் கட்ட வேண்டாம், நீங்கள் நின்றாலே போதும் என்று சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவே இல்லை. அன்றைக்குச் சந்தையில் ஆடு போன விலைகூட நல்ல விலை இல்லையாம்.

சரி, யார் நிற்பது? முதல் ஆள் நீங்கள்தான். கடிதம் முழுக்க ஆம்பிளை ஆள் இல்லையே என்ற தவிப்பு தெரிகிறது. பெண் ஜாமீன் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. கூடப்பிறந்த அக்காவைவிட நெருங்கிய ரத்த உறவு வேறு யார்? உங்கள் பெயரில் சொத்து இல்லை என்றாலும் வக்கீலிடம் சொல்லிக் கேளுங்கள். தொகை சின்னதாக இருக்கும்போது ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீதை வைத்தே ஏற்றுக்கொள்ளும் நீதிமன்றங்கள் உண்டு. சில இடங்களில் விஏஓ, தாசில்தார் தருகிற சொத்து மதிப்புச் சான்று கேட்பார்கள். வழக்கம் கோர்ட்டுக்குக் கோர்ட் மாறும். அதனால் உங்கள் வக்கீலோ அவருடைய குமாஸ்தாவோ அந்தக் கோர்ட்டில் ஒருமுறை விசாரித்துவிட்டால் வீண் அலைச்சல் குறையும். இரண்டாவது ஆளாக, பட்டா நிலம் வைத்திருக்கும் தாய்மாமாவோ சித்தப்பாவோ, மாதச் சம்பளம் வாங்குகிற பக்கத்து வீட்டுக்காரரோ வரலாம்.

கோர்ட்டில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயம் குறையும். பெயரைக் கூப்பிடுவார்கள். நீங்கள் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பீர்கள். நீதிபதி ஆதாரையும் முகத்தையும் பார்ப்பார். "எதிரி உங்களுக்கு என்ன வேண்டும்? எவ்வளவு தொகைக்கு நிற்கிறீர்கள் தெரியுமா? அவர் வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? இதற்கு முன் யாருக்காவது நின்றிருக்கிறீர்களா?" என்று கேட்பார். 'எதிரி' என்ற சொல்லைக் கேட்டு மனம் சுருங்காதீர்கள், குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வார்கள். "என் தம்பிங்கய்யா" என்று தெளிவாகச் சொன்னால் போதும்.

அந்தக் கடைசிக் கேள்விதான் வாடகை ஜாமீன்தாரர் மாட்டிக்கொள்ளும் இடம். ஜாமீன் நிற்பவர் இதுவரை எத்தனை பேருக்கு நின்றிருக்கிறார் என்பதைப் பிரமாணமாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. காசுக்கு நிற்பவர் அதில் பொய் சொல்வார், அல்லது போலி வரி ரசீது கொடுப்பார். அது வெளிவந்தால் பத்திரம் செல்லாது, தம்பி திரும்ப உள்ளே போவான், புதிதாக ஒரு வழக்கும் சேரும். சிக்கலில் மாட்டுவது நீங்கள். வாங்கியவர் அன்றைக்குக் கோர்ட் பக்கமே இருக்க மாட்டார்.

ஓசூர் ஆள்தான் வேண்டும் என்ற பேச்சுக்கு வருகிறேன். 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்துக்காரர். கீழ்க்கோர்ட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது; அண்ணன் தம்பி ஒருவர் நிற்க வந்தபோது, அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டம் என்று திருப்பி அனுப்பியது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, தொகையை ஆயிரமாகக் குறைத்தார். வேறு மாவட்டம் என்பதற்காக ஒருவரைத் தள்ளக் கூடாது என்பது அன்றிலிருந்தே தீர்ப்பாக இருக்கிறது. நம் ஊரில் இதை நினைத்தால் எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது. 2004 வரைக்கும் பென்னாகரமும் ஓசூரும் ஒரே தருமபுரி மாவட்டம். நேற்றுவரை ஒரே மாவட்டத்துக்காரராக இருந்த உங்கள் மாமா இன்று எப்படி வெளியூர் ஆளாவார்? யாராவது மறுத்தால், வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல் மறுப்பை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். உங்கள் வக்கீல் மேலே போக அது வேண்டும்.

ஆளே கிடைக்கவில்லை என்றால் வழி அடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் தம்பிக்கு 9 நாள் தாண்டிவிட்டது. ஆகவே இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் பேசுங்கள், அல்லது கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள். அந்த வக்கீல், ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போடலாம். ஒரு மாதம் ஆகியும் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையை மறுபரிசீலனை செய்யலாம் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. பத்திரத்துக்குப் பதிலாகப் பணத்தை நீதிமன்றத்திலேயே கட்ட அனுமதி கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கு ரசீது தருவார்கள், தம்பி ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் வழக்கு முடிந்ததும் திருப்பிக் கேட்டு வாங்கலாம். வாசலில் நிற்பவர் கையில் கொடுத்த பணத்துக்கு ரசீதும் இல்லை, திரும்புவதும் இல்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் மாமாவிடம் சொல்லிவிடுங்கள். தம்பி வாய்தாவுக்கு வராமல் போனால் பத்தாயிரத்தை அவரிடம்தான் வசூலிப்பார்கள். வசூலிக்க வழியே இல்லை என்றால் 6 மாதம் வரை சிவில் சிறையும் சட்டத்தில் இருக்கிறது. நடுவில் தம்பி மேல் நம்பிக்கை போய்விட்டால், என்னை விடுவியுங்கள் என்று மாமா மனுக் கொடுக்கலாம். எல்லாம் தெரிந்து வந்து நிற்கும் உறவுதான் கடைசி வரை கூட நிற்கும். ஏமாற்றிக் கூட்டி வந்தால் வழக்கு முடிவதற்குள் குடும்பம் இரண்டாகிவிடும்.

இதே நிலையில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1 முதல் சட்டமும் பிரிவு எண்களும் மாறிவிட்டன, ஆனால் கோர்ட்டில் பலர் வாயில் இன்னும் பழைய எண்தான். எஃப்ஐஆர் நகலை வாங்கி எந்தப் பிரிவு என்று பாருங்கள். புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டு பிரிவு 303(2), அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. திருடுபோன பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். வேலைக்காரர் முதலாளியின் பொருளை எடுத்தார் என்றால் 306, 7 ஆண்டு வரை போகும். உங்கள் தம்பி வழக்கு பெரும்பாலும் இதில்தான் வரும். ஜாமீனே கிடைக்காமல் இருந்தாலும், இந்தப் பிரிவுகளில் 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. ஆனால் மனுப் போட்டுக் கேட்க வேண்டும், தானாக வராது.

நீங்கள் நாளைக்கே கிளம்பலாம். ஆதார், ரேஷன் கார்டு, வரி ரசீது, பட்டா என்று எல்லாவற்றிலும் அசலும் இரண்டிரண்டு நகலும், ஆளுக்கு மூன்று போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கோர்ட் தொடங்கும் முன்பே போய்விடுங்கள். உத்தரவில் ஸ்டேஷனில் தினமும் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால், அது ஓசூரா, பென்னாகரமா என்று முதலில் பாருங்கள். ஓசூர் என்றால் தங்க இடம் இல்லாத பையன் எப்படித் தினமும் போவான்? மாற்றித் தரச் சொல்லி வக்கீல் மனுப் போடட்டும். அதுவரை ஒருநாளும் தவற விடக் கூடாது, தவறினால் ஜாமீனையே ரத்து செய்யச் சொல்லிப் போலீஸ் கேட்கலாம்.

பத்திரம் ஏற்கப்பட்டதும் விடுதலை ஆணை சேலம் சிறைக்குப் போகும். பொழுது சாய்ந்து போய்ச் சேர்ந்தால் மறுநாள் காலையில்தான் விடுவார்கள், அதை நினைத்துப் பதறாதீர்கள். போகும்போது அவனுக்கு ஒரு சட்டையும் செருப்பும் எடுத்துப் போங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். சிறை வாசலில் எதுவும் கேட்க வேண்டாம், முதலில் எங்காவது உட்கார வைத்து மூன்று பேரும் சாப்பிடுங்கள். கம்பி விஷயத்தை வீட்டுக்கு வந்து பேசிக்கொள்ளலாம்.